வேலாங்குறிச்சி கிளை நூலகத்தின் கருத்துச் சீட்டுகள்

ஜனவரி 19, வியாழன்

இன்று காலை ஆறு நாற்பதுக்கு, இரண்டாவது காபிக்கும் செய்தித்தாளின் நான்காம் பக்கத்துக்கும் நடுவில், இனி எந்தப் புத்தகத்தைப் பற்றியும் ‘பரவாயில்லை’ என்று சொல்வதில்லை என முடிவு செய்தேன். இந்த முடிவு திடீரென்று வந்ததல்ல. ஓய்வு பெற்ற ஆறு வருடமாக உள்ளே முதிர்ந்துகொண்டிருந்தது. நாளும் நேரமும் பிற்காலத்தில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

ஆவுடையிடம் அறிவித்தேன். “சரி. பால்காரர் பெல் அடிக்காரு, போய்ப் பாருங்க” என்றாள். பெரிய முடிவுகள் எடுக்கப்படும்போது மனைவிமார் பெரும்பாலும் வேறு வேலையாகத்தான் இருந்திருப்பார்கள்.

ரயில் தபால் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் ஓடும் வண்டியில் கடிதம் பிரித்தவன் நான். கடிதம் தீர்ந்தபின் அடுத்த ஸ்டேஷன்வரை படிக்க நேரம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் இப்போது வேலாங்குறிச்சி கிளை நூலகத்துக்குப் போகிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் நூலகர் ஜெபக்கனி, “எப்படி சார் இருந்துச்சு?” என்பார். நான் “பரவாயில்ல” என்பேன். ஆறு வருடத்தில் சுமார் இருநூறு புத்தகங்கள். அவற்றில் வெறும் பரவாயில்லை ரகம் நாற்பது இருக்கும்; மற்றவை அதற்கு மேல், அல்லது கீழ். மற்றவற்றுக்கு நான் பொய்ச்சாட்சி.

இன்று திருப்பியது ‘நாற்பது நாளில் மேடைப் பேச்சு’. வழக்கமான கேள்வி வந்தது. “ஆசிரியருக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லம்மா. அத முன்னூறு பக்கம் நிறுத்தாமச் சொல்லியிருக்காரு. அதைத்தானே கத்துக் குடுக்கதா அட்டையில போட்டிருக்கு, அதனால ஏமாத்துன்னு சொல்ல முடியாது” என்றேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிரும் அளவுக்கு ஜெபக்கனி சிரித்தார். “இத அப்படியே எழுதிக் குடுங்க சார், புத்தகத்துலயே ஒட்டிருதேன்” என்றார். தவணைச் சீட்டு அளவுக்கு ஒரு தாள் வெட்டி எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டினார்.

ஜனவரி 20, வெள்ளி

நூலக விடுமுறை. மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்கினேன். அளவு சரியில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

ரப்பரை மாற்றிக்கொண்டு நூலகம் போனேன். ஜெபக்கனியின் மேஜையில் ஒரு சுற்றறிக்கை. அவர் அதைப் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை படித்து முடித்தவர்கள்தான் ஒரு தாளை அப்படிப் பார்ப்பார்கள்.

“மார்ச் மாசம் நாளைக்குச் சராசரி முப்பது புத்தகம் வெளிய போகணுமாம் சார். போகலைன்னா இது அரைநேர நூலகம்.”

“இப்ப எவ்வளவு போகுது?”

“பதினொண்ணு.”

“வாசல்ல செருப்பு போட இடமில்லையே?”

“அவங்கல்லாம் பரீட்சைக்குப் படிக்க வாராங்க. நாற்காலிய எடுக்காங்க, புத்தகத்த எடுக்கதில்ல.”

அரைநேர நூலகத்துக்கு இவர் பதவி கிடையாது. மலைமேல் ஓர் எஸ்டேட்டில் இடம் காலியாக இருக்கிறதாம். அங்கே போக வேண்டும். மகள் ஷைனி பிளஸ் ஒன் படிக்கிறாள். கணவர் துபாயில். மகளை எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனால் பள்ளிக்கூடம் இல்லை, விட்டுப்போனால் வீட்டில் ஆள் இல்லை. இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. தேதி முத்திரையை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் யோசித்துவிட்டு ஒரு திட்டம் சொன்னேன். மக்கள் புத்தகம் எடுக்காததற்குக் காரணம் எதை எடுப்பது என்று தெரியாததுதான். எல்லாப் புத்தகத்திலும் உண்மையான கருத்தை ஒட்டிவிட்டால் மோசமானதை விட்டு நல்லதை எடுப்பார்கள். ஒருமுறை நல்லதை எடுத்தவர்கள் மறுபடி வருவார்கள்.

“வருவாங்களா சார்?”

“வாசகர்களை எனக்குத் தெரியும்மா” என்றேன். இப்போது எழுதும்போது, எந்த வாசகரையும் எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் திட்டம் சரியானதுதான்.

ஜனவரி 25, புதன்

மூன்று நாளில் பதினாறு சீட்டு.

சமையல் நூல் ஒன்றை ஆவுடையிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னேன். ‘பொன்னிறமாகும் வரை’ என்று அறுபத்தோரு இடத்தில் வருகிறது என்று எண்ணிச் சொன்னாள். என் சீட்டு: “எல்லாக் குறிப்பிலும் உப்பு தேவையான அளவு. தேவையான அளவு தெரிந்தவர்களுக்கு இந்த நூல் தேவையில்லை.”

ஐந்து பாக வரலாற்று நாவல்: “இளவரசர் முதல் பாகத்தில் குதிரை ஏறுகிறார், மூன்றாம் பாகத்தில் இறங்குகிறார். அதுவரை குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.”

‘ஏழு நாளில் எட்டு நாடுகள்’ என்ற பயண நூல்: “எட்டு நாட்டிலும் ஆசிரியர் இட்லி தேடுகிறார். எட்டாவது நாட்டில் கிடைக்கிறது. ஆனால் சட்னி சரியில்லை.”

கவிதைத் தொகுப்பு: “ஒரு வரிக்கு ஒரு சொல். நாற்பத்தெட்டுக் கவிதையிலும் நிலா. முப்பத்தொன்றாவதில் நிலா அழுகிறது. இருபதாவதிலேயே நான் எதிர்பார்த்தேன்.”

‘பதினோராம் மாடியில் ஒரு பிணம்’: “கட்டடத்துக்கு மொத்தம் ஒன்பது மாடி என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. துப்பறிவாளர் முதலில் பொறியாளரை விசாரித்திருக்க வேண்டும்.”

வேப்பிலை மருத்துவ நூல் முந்நூற்று நாற்பது பக்கம். மத்தியானம் தலைக்கு வைத்துப் படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்கும் வேப்பிலைதான் என்று 212ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதையும் சீட்டில் சேர்த்தேன்.

பிப்ரவரி 2, வியாழன்

இந்த வாரச் சராசரி பதினாறு. ஏறியிருக்கிறது. ஆனால் எது போயிருக்கிறது என்று பேரேட்டைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. நிலா போயிருக்கிறது. குதிரை ஐந்து பாகமும் போயிருக்கிறது. ‘பதினோராம் மாடி’ மூன்று கை மாறியிருக்கிறது.

மூன்றாவது கை சேகு மைதீன் பாய். நூலகத்துக்கு எதிர்க்கடையில் லேடீஸ் டெய்லர். துப்பறியும் கதை தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஊசியில் நூல் கோக்கிற இடைவெளியில் இரண்டு பக்கம் படித்துவிடுவார். இன்று கழுத்தில் டேப்போடு வந்தார்.

“என்ன சார், பதினோராம் மாடிய இப்படிக் கிழிச்சுப் போட்டிருக்கீங்க?”

“கட்டடத்துக்கு ஒம்பது மாடிதானே பாய்?”

“அதப் பாக்கத்தான் எடுத்தேன். நெசந்தான், ஒம்பதுதான். ஆனா பொணம் நல்லா இருந்துச்சு சார்.”

பிப்ரவரி 5, ஞாயிறு

மோசமான நூல்களைக் களைவது பாதி வேலை. நல்லதைக் காட்டுவது மீதி. இன்று அதைத் தொடங்கினேன்.

‘எழுபத்திரண்டாம் எண் கேட்’ என்று ஒரு நாவல் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பொட்டலில் ஒரு லெவல் கிராசிங், ஒரு கேட்கீப்பர். வண்டி வந்தால் கேட்டைச் சாத்துவார், போனால் திறப்பார். நடுவில் ஒருநாள் அவர் மனைவி இறந்துபோகிறாள். அன்றும் சாத்தித் திறக்கிறார். கதை அவ்வளவுதான். தபால் வண்டி ஜன்னல் வழியே பச்சைக் கொடி பிடித்த ஆட்களை, ஆளுக்கு ஒரு நொடி வீதம், முப்பத்து நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். அந்த நொடிக்கு முன்னும் பின்னும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குச் சொன்ன புத்தகம் இது ஒன்றுதான். இதையெல்லாம் எழுதியதில் சீட்டு போதவில்லை. இரண்டு சீட்டை ஒட்ட வேண்டியதாயிற்று. நான்கு முறை படித்திருக்கிறேன். மற்றபடி அதன்மேல் தனிப்பட்ட பற்று எதுவும் இல்லை.

இன்னும் ஆறு நல்ல புத்தகங்களுக்கும் பாராட்டுச் சீட்டு எழுதினேன்.

பிப்ரவரி 15, புதன்

பாராட்டிய ஏழு புத்தகங்களில் ஒன்றுகூட நகரவில்லை. கேட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கையால் தடவிப் பார்த்தேன். மேலே தூசி.

ஆவுடை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“நீங்க நல்லாருக்குன்னு சொன்ன ஓட்டல்ல நாம சாப்பிட்டிருக்கமா?”

“போயிருக்கமே.”

“போயிருக்கோம். சாப்பிட்டிருக்கமா?”

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

“நீங்க மோசம்னு சொல்லுத படத்துக்குத்தான் நானும் மேல் வீட்டுக்காரியும் போவோம். இதுவரைக்கும் ஒண்ணுலகூட ஏமாந்ததில்ல. நீங்க நல்லா இருக்குன்னு சொல்லும்போது ஒங்க மூஞ்சி பரீட்சைப் பேப்பர் குடுக்க வந்த வாத்தியார் மாரி ஆயிருது. யாரு எடுப்பா?”

இது ஒரு தனிநபர் கருத்து. இருபத்தொன்பது வருட அனுபவம் உள்ள தனிநபர் என்பதால் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சராசரி பத்தொன்பது. ஆவுடை சொன்னதையே வியாழனன்று ஜெபக்கனியும் வேறு விதமாகச் சொன்னார்: “சார், நீங்க திட்டினது போவுது. பாராட்டினது பயந்து நிக்குது. இன்னும் நாலு திட்டிக் குடுங்களேன்.”

திட்டுவதற்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு நாள் அலமாரிகளைத் துழாவினேன். ஓர் அரசியல்வாதியின் தன்வரலாறு கிடைத்தது: “இவர் வாழ்க்கையில் தவறே செய்யவில்லை. எழுபது வயதில் முதல் தவறாக இதை எழுதியிருக்கிறார்.” ஒரு சோதிட நூலும் ஒரு முடி வளர்ப்பு நூலும் கிடைத்தன. பின்னதன் ஆசிரியர் படம் பின்னட்டையில் இருக்கிறது. தொப்பி போட்டிருக்கிறார். அதை மட்டும் குறிப்பிட்டேன். மூன்றும் அன்றே போயின.

அதோடு மோசமானவை தீர்ந்துவிட்டன. மீதி இருப்பவை என்னால் மனசாட்சியோடு திட்ட முடியாதவை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. மாற்றினேன். குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன். இல்லை.

நான்கு நாள் யோசித்து ஒரு சிறுகதைத் தொகுப்புக்குச் சீட்டு எழுதினேன். வேலை தேடி அலைபவர்களைப் பற்றிய பதினொரு கதைகள். ஒவ்வொன்றும் கையில் இருந்து நழுவாத கதை. எழுதியது: “வேலையில்லாதவர்களைப் பற்றி வேலையில்லாத ஒருவர் எழுதியது. படிக்கவும் வேலையில்லாதவர் வேண்டும்.”

ஒட்டி இருபது நிமிடத்தில் போய்விட்டது. எடுத்தவர் தேர்வுக்குப் படிக்கும் பெண். ஒரு வருடமாக நாற்காலி மட்டும் எடுத்தவர்.

ஆகையால் இது பொய் என்று சொல்ல முடியாது. முகவரியை வேறு விதமாக எழுதியிருக்கிறேன், கடிதம் போய்ச் சேருகிறது.

மார்ச் 3, வெள்ளி

விடுமுறை. இந்த வேலையின் நுட்பம் இப்போது பிடிபட்டுவிட்டது. நல்ல புத்தகத்தில் குறையைத் தேட வேண்டியதில்லை. நல்லதையே எடுத்துக்கொண்டு முகம் சுளித்தால் போதும். நிதானமாகப் போகிறது என்றால் நகரவில்லை என்பது. சிரிக்க வைக்கிறது என்றால் பொறுப்பில்லை என்பது. அழ வைக்கிறது என்றால் கைக்குட்டை செலவைக் கேட்பது. நாளொன்றுக்கு மூன்று எழுதுகிறேன்.

ரேஷன் கடை வரிசையில் ஒருவர், “சார், அடுத்து எதக் கிழிக்கப் போறீங்க?” என்று கேட்டார். எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. இந்த வாரம் மூன்று முறை ரேஷன் கடைக்குப் போனது சர்க்கரை வரவில்லை என்பதால்தான்.

“சர்க்கரை திங்கக்கிழமையே வாங்கியாச்சே?” என்றாள் ஆவுடை.

மார்ச் 9, வியாழன்

சராசரி இருபத்தாறு. சீட்டுகளைச் சிலர் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அதனால் ஜெபக்கனி எல்லாவற்றையும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார். அட்டையில் ‘வாசகர் கருத்துப் பதிவேடு’. பாராட்டிய ஏழு புத்தகங்களை எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன். யாரும் அந்தப் பக்கம் பார்க்கப் போவதில்லை.

மார்ச் 14, செவ்வாய்

சராசரி இருபத்தேழு புள்ளி நான்கு. மாதம் பாதி போய்விட்டது. அலமாரியில் திட்டாமல் மீதி இருப்பவை சொற்பம்.

“அந்தக் கேட் புத்தகம் மட்டும் அப்படியே நிக்குது சார்” என்றார் ஜெபக்கனி. ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேஜை ஓரத்தில் இயற்பியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய இரண்டு சீட்டையும் தண்ணீர் தொட்டு உரித்தேன். புதியது: “வண்டி வருகிறது. வண்டி போகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ரயில்வே ஸ்டேஷனில் இதையே இலவசமாகப் பார்க்கலாம்.”

சீட்டில் பாதிகூட நிரம்பவில்லை. ஆவுடை எடுத்துப் படித்தாள். வைத்துவிட்டாள். “சாப்பிட வாங்க” என்றாள். கத்தரிக்காய்க் கூட்டு.

மார்ச் 15, புதன்

காலை ஒன்பது பத்துக்குக் கேட் போய்விட்டது. எடுத்தவர் சேகு மைதீன் பாய். “வண்டி வருது போவுதுன்னா, நடுவுல எவனாவது தலைய வச்சிருப்பான். நீங்க வேணும்னே சொல்லல” என்றார்.

மார்ச் 21, செவ்வாய்

பதினொரு மணிக்குப் பாய் வந்தார். கடையில் மின்விசிறியைக்கூட நிறுத்தாமல் வந்திருக்கிறார். புத்தகத்தை மேஜையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

“சார், இத முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சேன் பாய்.”

“அந்தப் பொம்பள மௌத்தான அன்னிக்கு அவன் கேட்டச் சாத்திட்டு நிக்காம்லா? வண்டிக்குள்ள இருந்து ஒரு பிள்ள கையாட்டுது. இவன் கொடிய எடது கைக்கு மாத்திக்கிட்டு, பதிலுக்குக் கையாட்டுதான். அதப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“அதப் படிச்சிட்டா எலவசமாப் பாக்கலாம்னு எழுதுனீங்க?”

ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் புத்தகத்தோடு முத்திரைக்கு நின்றார்கள். ஜெபக்கனியின் கை முத்திரையோடு அப்படியே நின்றது. இந்த இடத்தில் நான் என்ன சொன்னாலும் பதிவேட்டில் இருக்கும் தொண்ணூற்றுச் சொச்சக் கருத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகும்.

“ரொம்ப மெதுவாப் போவுது பாய்.”

“மெதுவாத்தான் போவும். அவன் எங்க சார் போவான், கேட்ட விட்டுட்டு?”

“கதைன்னு ஒண்ணும் இல்லையே?”

“எங்க வாப்பா அம்பது வருசம் அதே மெஷின்ல இருந்தாரு. கதைன்னு என்ன இருந்துச்சு அவருக்கு? கொலையா நடந்துச்சு?”

“எனக்கு அவ்வளவாப் பிடிக்கல.”

“ஒங்கள வெவரமான ஆளுன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு தப்பாக வெட்டிய துணியைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். புத்தகத்தை ஜெபக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் ஐந்து பேர் கேட் தங்களுக்கு வேண்டும் என்று பெயர் கொடுத்தார்கள். இன்றைய வழங்கல் முப்பத்தெட்டு. இதுவே அதிகபட்சம்.

மார்ச் 23, வியாழன்

சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டும். பஜாரில் வேறு டெய்லரிடம் கொடுத்தேன். பக்கத்தில் இருப்பதால்.

ஆவுடை, “பாய் கடை அதைவிடப் பக்கமாச்சே” என்றாள்.

மார்ச் 31, வெள்ளி

மார்ச் மாதச் சராசரி முப்பது புள்ளி ஆறு. விடுமுறையானாலும் ஜெபக்கனி வீட்டுக்கு வந்து சொன்னார். கையில் ஒரு கேக். ஆவுடை காபி போட்டாள். மூவரும் சாப்பிட்டோம். கேக் பரவாயில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வு அலுவலர் வந்தார். கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. “வெரி குட்மா” என்றார். கிளம்பும் நேரத்தில் பதிவேடு கண்ணில் பட்டது.

“இது என்ன ரிஜிஸ்டர்?”

“வாசகர் கருத்து சார். வாசகர்களே எழுதுறது.”

நின்றபடி ஒரு பக்கம் படித்தார். உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, “நூத்திப் பதினெட்டு என்ட்ரி. எல்லாமே மோசம்னுல்ல இருக்கு?” என்றார்.

ஜெபக்கனி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஆமா சார்.”

“இவ்வளவு மோசமான புத்தகத்தையா பொதுமக்கள் கையில குடுத்துட்டு இருக்கோம்?” ஸ்கேல் கேட்டார். பதிவேட்டின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, தலைப்பில் ‘மேல்நடவடிக்கை’ என்று எழுதினார். “ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருந்தா நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கணும்மா. நாளைக்கு ஆடிட்டுல கேப்பாங்க.”

எழுதியவர் இவர்தான் என்று யாரோ காட்டிக் கொடுத்தார்கள். அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஊருக்கு ஒங்கள மாதிரி நாலு பேர் போதும் சார்.”

ஏப்ரல் 8, சனி

உத்தரவு வந்துவிட்டது. ஒரே தாள், இரண்டு பத்தி. வேலாங்குறிச்சி கிளை முழுநேர நூலகமாகவே தொடரும், நூலகர் பணியிடம் மாறாது என்பது முதல் பத்தி. பதிவேட்டில் வாசகர்கள் பாதகமான கருத்து தெரிவித்துள்ள 118 நூல்களும் வாசகர் நலன் கருதிப் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டு, 13ஆம் தேதி வரும் வேனில் காகித ஆலை அரவைக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது இரண்டாவது. பட்டியல் இணைப்பு.

ஜெபக்கனி முதல் பத்திக்குச் சிரித்து, இரண்டாவதுக்கு அழுதார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாததால் பார்க்கக் குழப்பமாக இருந்தது.

ஏப்ரல் 9, ஞாயிறு

மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த நூற்றுப் பதினெட்டில் எண்பத்தேழு கருத்துகள் உண்மையல்ல, வழங்கலைக் கூட்டுவதற்காக நானே வேண்டுமென்று எழுதியவை, புத்தகங்கள் சிறந்தவை. இரண்டு பக்கம் வந்தது. தபால் தலை ஒட்டினேன். அஞ்சல் எண்ணைச் சரிபார்த்தேன். தபால் பெட்டிவரை நடந்தேன்.

பெட்டிக்கு எதிரே ட்யூஷன் சென்டர். ஷைனி சைக்கிளை நிறுத்திவிட்டு, “அங்கிள், பிளஸ் டூ கிளாஸ் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. வருசம் முழுசுக்கும் அம்மா பணம் கட்டிச் சேத்து விட்டுட்டாங்க” என்றாள். நல்லது என்றேன்.

வழங்கல் செயற்கையாகக் கூட்டப்பட்டது என்று எழுத்தில் கொடுத்தால் முதல் பத்தியும் போய்விடும். கடிதத்தோடு திரும்பி வந்தேன். நடப்பதற்கு ஏற்ற நாள். வெயில் அதிகமில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

ஜெபக்கனி மெல்லிய குரலில், “ஒண்ணே ஒண்ண மட்டும் தொலஞ்சதா எழுதிரலாமா சார்?” என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

பட்டியலைப் பார்த்தோம். திரும்பி வந்தவற்றை ஜெபக்கனி மறுபடி வெளியே விடாததால் நூற்றுப் பதினேழு உள்ளே இருக்கின்றன. கேட் வெளியே இருக்கிறது. பெயர் கொடுத்த ஐந்து பேரும் இரண்டு மூன்று நாளில் படித்துத் திருப்பியபின், போன வாரம் சேகு பாய் இரண்டாவது தடவையாக எடுத்திருக்கிறார். தவணை 20ஆம் தேதி. வேன் 13. வேன் வரும்போது கையில் இல்லாத புத்தகத்தை யாரும் ஏற்ற முடியாது.

“அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருவமா, மெதுவாக் கொண்டாங்கன்னு?”

“எதுக்கும்மா? ரெண்டாந்தடவ எடுத்த புத்தகத்த பாய் தவணைக்கு முன்னால குடுக்க மாட்டாரு.” அவரிடம் நான் பேசி மூன்று வாரம் ஆகிறது என்பது இதில் சம்பந்தப்பட்டதல்ல.

ஏப்ரல் 13, வியாழன்

நாளை சித்திரை ஒன்று. ஆவுடை மாம்பழம் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வைத்துவிட்டு நூலகம் போனேன்.

வேன் பதினொரு மணிக்கே வந்துவிட்டது. வந்தவர் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண் சொன்னார், ஜெபக்கனி எடுத்துக் கொடுத்தார், நான் கட்டினேன். சணல் கட்டுவது எனக்குப் பழகிய வேலை. நூற்றுப் பதினேழு ஆனதும், “ஒண்ணு குறையுதே?” என்றார். வாசகரிடம் இருக்கிறது என்று ஜெபக்கனி சொன்னார். அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

அப்போது சேகு மைதீன் பாய் உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக ஜெபக்கனியிடம் போனார்.

“லைப்ரரியம்மா, இந்தாங்க. தையல் விட்டுப் போயி தாளெல்லாம் கழண்டு வந்துச்சு. நானே மெஷின்ல வச்சுத் தச்சிட்டேன். மேல ரெக்சின்ல ஒரு உறையும் போட்டிருக்கேன், இனி முப்பது வருசத்துக்குக் கிழியாது. தவணை இன்னும் இருக்கு. இருந்தாலும் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்களேன்னு கொண்டாந்துட்டேன்.”

பச்சை ரெக்சின். முதுகில் நூலாலேயே 72 என்று தைத்திருந்தார்.

வேன்காரர் கையை நீட்டி வாங்கி, எண்ணைப் பார்த்து, டிக் அடித்தார்.

“எங்க கொண்டு போறீங்க, பைண்டிங்குக்கா?” என்றார் பாய்.

“அரவைக்கு” என்றார் வேன்காரர்.

பாய் ஜெபக்கனியைப் பார்த்தார். அவர் குனிந்து ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாய் என்னைப் பார்த்தார். என் கையில் சணல் இருந்தது.

“ஒங்க சொல்லுக்கு மதிப்பு வந்துட்டு சார்” என்றார். கடைக்குப் போனார். கொஞ்சநேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது.

பன்னிரண்டரைக்கு வேன் கிளம்பியது. மூன்றாம் அலமாரி காலியாக இருந்ததால் அதில் பழைய வார இதழ்களை அடுக்கினோம்.

இன்றைய வழங்கல் நான்கு.